கிள்ளான் தோட்டங்களின் பன்னிரண்டு கோரிக்கைகள்



தோட்டத்துச் சாலையில் ஒரு தொழிலாளி சைக்கிளில் போகிறான். எதிரே துரை வருகிறார். தொழிலாளி உடனே சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். துரைக்கு மட்டுமல்ல, கிராணிக்கும் இறங்க வேண்டும். இறங்காதவன் திமிர் பிடித்தவன். அவன் வேலை அன்றோடு போகலாம். வெள்ளைக்காரர் ஆட்சியில் நம் தோட்டங்களில் இருந்த வழக்கம் இது. இந்த வழக்கத்தை எதிர்த்து 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் எழுந்து நின்ற வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இன்று மாநிலத் தலைநகராக விளங்கும் ஷா ஆலம் அன்று சுங்கை ரெங்கம் என்று பெயர் பெற்ற தோட்டப் பகுதி. கிள்ளான் வரையிலும் ரப்பர்க் காடுதான். அந்தக் காட்டுக்குள் தொழிலாளிக்கு எல்லாமே தோட்ட நிர்வாகம்தான். குடியிருக்கும் லயம் நிர்வாகத்துடையது. பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடமும், நோய்க்கு மருந்து தரும் ஆஸ்பத்திரியும், மாலையில் கூலியைக் கரைக்கும் கள்ளுக்கடையும் நிர்வாகத்தின் கைக்குள்தான். வெளியாள் உள்ளே வரவும் அனுமதி வேண்டும். கிராணி அடித்தால் யாரிடம் போய் முறையிடுவது? முறையிட்டவனுக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். அதிகாரம் முழுவதும் ஓர் ஆளிடம் குவிந்து, அவரைக் கேட்பார் எவருமில்லாதபோது அநியாயம் அங்கே வேர்விடுகிறது.

ஐரோப்பாவில் 1939-இல் போர் மூண்டது. மலாயா ரப்பருக்குக் கிராக்கி கூடியது. சாமான் விலையும் ஏறியது. ஆனால் தமிழ்த் தொழிலாளியின் கூலி அதற்கு ஏற்ப உயரவில்லை. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளி கூடுதலாகப் பெற்றான். இந்த நிலையில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டங்களில் வேலை செய்யத் தொடங்கியது. அதில் முன்னின்றவர் ஆர். எச். நாதன். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். அவரோடு ஒய். கே. மேனனும் துணை நின்றார்.

1941-இன் தொடக்க மாதங்களில் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. பால் வெட்டும் கத்தி ஓய்ந்தது. இளைஞர்கள் காந்திக் குல்லாய் அணிந்து நடமாடினார்கள். துரைமாருக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தார்கள்.

அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. அவற்றைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். சீனருக்கு நிகரான சம்பளம் வேண்டும். கொடுமை செய்யும் பணியாளர்களை நீக்கித் தமிழ் தெரிந்தவர்களை வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான படிப்பு வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். நம் பெண்களிடம் துரைமாரும் மற்ற மேல்பணியாளர்களும் முறைதவறி நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்கு வந்து போக வேண்டும். துரையும் கிராணியும் எதிரே வந்தாலும் சைக்கிளில் இருந்தபடியே போக வேண்டும். குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. தொழிலாளர் தமக்கென்று சங்கம் அமைக்க வேண்டும்.

இந்தப் பன்னிரண்டில் கூலியைப் பற்றியது ஒன்றே ஒன்றுதான். மற்றவையெல்லாம் மனிதனை மனிதனாக நடத்துங்கள் என்று கேட்டவை. கள்ளுக்கடையை மூடு என்று தொழிலாளர்களே கேட்டதையும் கவனியுங்கள்.

அரசாங்கம் இந்தக் குரலுக்குச் செவி சாய்க்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தது. அவரை விடுதலை செய்யக் கேட்டுத் தொழிலாளர் திரண்டார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் மூண்டது. மே 16-ஆம் தேதி மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டார்கள். நாதனும் வேறு பலரும் நாடு கடத்தப்பட்டார்கள். எழுச்சி அடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்து வந்தார்கள்.

போர் முடிந்த பிறகு உலகின் மறுபக்கத்தில் இதே போன்ற ஒரு கொதிப்பு எழுந்தது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ஏதன்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே போலீஸ் பொறுப்பிலிருந்த ஷெரீப்பும் அவருடைய ஆட்களும் ஆளைப் பிடிக்கும் கணக்கில் பணம் பெற்றார்கள். வழிப்போக்கரையும் குடிகாரர் என்று பிடித்து அபராதம் வாங்கினார்கள். தேர்தல் வந்தால் வாக்கையும் தாங்களே எண்ணிக்கொண்டார்கள். போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் தங்கள் வேட்பாளர்களை நிறுத்தினார்கள். 1946 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வாக்குப்பதிவு நாளில், வாக்களிக்க வந்த கறுப்பர் ஒருவரை ஷெரீப்பின் ஆள் சுட்டுக் காயப்படுத்தினான். பிறகு வாக்குப் பெட்டிகளைச் சிறைச்சாலைக்குத் தூக்கிச் சென்றார்கள். வீரர்கள் ஆயுதக் கிடங்கிலிருந்து துப்பாக்கி எடுத்து வந்து இரவெல்லாம் சுட்டார்கள். விடியும் முன் வெடி வைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. வாக்குகள் எண்ணப்பட்டு வீரர்களின் வேட்பாளர் வென்றார்.

நம் நாட்டிலும் இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்ற தோட்டத்து இளைஞர்கள் திரும்பி வந்தார்கள். கெடாவில் அவர்களில் பலர் தொண்டர் படையில் சேர்ந்தார்கள். ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி அதன் தலைவர். கள்ளுக்கடைகளுக்கு எதிராக அவர்கள் மறியல் செய்தார்கள். 1947-இல் பீடோங் வட்டாரத்தில் போலீஸாருடன் மோதல் ஏற்பட்டு, உயிர்களும் பலியாயின. படையும் ஒடுக்கப்பட்டது.

அங்கே வெற்றி, இங்கே தோல்வி. ஏன்? நம்மவர் வீரத்தில் குறைந்தவர்களா? இல்லை. ஏதன்ஸ் வீரனுக்குச் சட்டம் தந்த வாக்கு இருந்தது. அது நேர்மையாக எண்ணப்பட வேண்டும் என்பதே அவன் சண்டை. மலாயாத் தொழிலாளிக்கு வாக்கும் இல்லை, சங்க பலமும் இல்லை. நம் முதல் கூட்டரசுத் தேர்தலே 1955-இல்தான் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டில் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவாகி, பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். அதன் பிறகு தொழிலாளி துரையின் வாசலில் கைகட்டி நிற்காமல், மேசைக்கு எதிரே உட்கார்ந்து கூலி பேச வழி பிறந்தது.

ஆகவே கிள்ளான் எழுச்சி வீண் போகவில்லை. ஆயினும் அந்தப் பன்னிரண்டும் முழுதாக நிறைவேறிவிட்டன என்று சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொன்றாக எடுத்து, இன்று நம் வீட்டில், நம் வேலையிடத்தில் எது வந்தது, எது வரவில்லை என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். அந்தக் காலத்துத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. உங்கள் பாட்டனும் பாட்டியும் சொல்லக் கேட்டது ஏதேனும் நினைவிருந்தால், தோட்டத்தின் பெயரோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம் பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்காமல் போகிறார்கள். அந்த உரிமைக்காக நின்றவர்கள் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.