ரோமா மக்களும் உடல்நலமும்

பிழைப்பின் பொருட்டு வடபுலத்து நகரங்களில் குடியேறிய நாம் முதலில் கற்றுக்கொள்ளும் புதுச் சொற்களுள் ஒன்று 'பானி' என்பது. கடல் கடந்து, ஐரோப்பாவிலுள்ள ருமேனியா, பல்கேரியா முதலிய நாடுகளுக்குச் சென்றால், அங்கும் சில குடியிருப்புகளில் தண்ணீரைப் 'பானி' என்றே அழைக்கக் கேட்கலாம். மூக்குக்கும் காதுக்கும் அம்மக்கள் வழங்கும் பெயர்களும் இந்திச் சொற்களை ஒத்தவையே. ரோமா எனப்படும் இவர்கள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கு நோக்கிப் பெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஆவர். 'ஜிப்ஸி' எனப் பிறர் இட்ட பெயரை இவர்களில் பலர் விரும்புவதில்லை. ஐரோப்பாவில் இன்று இவர்களது தொகை ஒரு கோடிக்குக் குறையாது என மதிப்பிடுகின்றனர்.

இம்மக்களின் உடல்நலம் குறித்து இன்று சிறிது சிந்திப்போம். 2021ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் நிறுவனம் பல நாடுகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்திற்று. ரோமா மக்களின் ஆயுட்காலம் மற்றவர்களுடையதைவிட ஏறக்குறைய 10 ஆண்டுகள் குறைவு என்றும், அவர்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினர் வீட்டினுள் குழாய்நீரே இல்லாமல் வாழ்கின்றனர் என்றும் அதில் தெரியவந்தது. இக்குறை குருதியில் வந்ததன்று. நீரும், வீடும், படிப்பும், வேலையும் மறுக்கப்பட்டதால் வந்தது.

இவற்றோடு மற்றொரு தடையும் உண்டு; அதுவே அச்சம். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் ரோமா மக்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்று குவித்தனர். போருக்குப் பின்னரும் செக்கோஸ்லோவாக்கியாவில் ரோமா பெண்கள் பலருக்கு, அவர்களுடைய உண்மையான சம்மதமின்றியே கருத்தடை அறுவை செய்யப்பட்டது. செக் அரசு 2009இல் இதற்கு வருத்தம் தெரிவித்தது; இழப்பீட்டுக்கான சட்டம் 2021இல்தான் வந்தது. வெள்ளை அங்கி அணிந்தவரைக் கண்டதும் ஒரு தாய் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்கிறாள் என்றால், அதை அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியுமா?

அவநம்பிக்கையும் புறக்கணிப்பும் சேர்ந்தால் விளைவது யாது? 2009 முதல் 2011 வரை பல்கேரியாவில் தட்டம்மை பரவி, 24,000க்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. 24 பேர் மாண்டனர். நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் ரோமா மக்கள். தடுப்பூசி அந்நாட்டில் இல்லாமலில்லை; அவர்களுடைய குழந்தைகள் பலரை அது எட்டவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே 'நலத் தூதர்' என நாம் அழைக்கத்தக்க ஊழியர்கள் தோன்றினர். ருமேனிய அரசு 2002இல் இப்பணியை முறையாக ஏற்றது. பல்கேரியா, செர்பியா, ஸ்லோவாக்கியா முதலிய நாடுகளிலும் இது பரவிற்று. இவர்களுள் பெரும்பாலோர் ரோமா சமூகத்திலேயே பிறந்த பெண்கள். கருவுற்ற பெண்ணை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், தடுப்பூசி நாளை வீடு வீடாக நினைவூட்டுவதும், அடையாளச் சீட்டும் காப்பீடும் பெற்றுத் தருவதும் இவர்கள் தொழில். மருத்துவர் சொல்வதைத் தம் மக்களுக்கும், மக்கள் சொல்லத் தயங்குவதை மருத்துவருக்கும் எடுத்துரைக்கின்றனர். மருந்தைவிட முதலில் இவர்கள் கொண்டு செல்வது நம்பிக்கையே.

இனி, லாகிரிப் பொருள்களின் கேட்டைப் பார்ப்போம். ரோமா மக்களில் பெரும்பாலோருக்கு இப்பழக்கத்தோடு யாதொரு தொடர்பும் இல்லை என்பதை முதற்கண் சொல்லவேண்டும். ஆயினும் வறுமை மிக்க சேரிகளிலும், தெருவில் வளரும் பிள்ளைகளிடையிலும் அது புகுந்துள்ளது. பசியை மறக்கப் பசையையும் வர்ணக் கரைப்பானையும் முகரும் சிறுவர்கள் உளர். அந்த ஆவி மூளையைச் சிதைப்பது, சில வேளைகளில் இதயத்தைத் திடீரென நிறுத்திவிடுவது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்து கொள்வதால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் பரவுகின்றன. ருமேனியாவில் 2011ஆம் ஆண்டளவில் ஊசி வழி போதை ஏற்றுவோரிடையே எச்.ஐ.வி. விரைந்து பரவியது, இவ்வாபத்தை எல்லோருக்கும் உணர்த்திற்று.

இதற்குப் பரிகாரம் என்ன? பயமுறுத்தும் சொற்பொழிவுகளால் மட்டும் இளைஞர் திருந்துவதில்லை என்பது பல நாடுகளின் அனுபவம். பிள்ளையைப் பள்ளியில் நிலைக்கச் செய்வதும், பெற்றோருக்குத் துணை நிற்பதும், மாலைப் பொழுதுக்கு விளையாட்டும் கைத்தொழிலும் அமைத்துத் தருவதுமே பலனளிப்பவை. ஏற்கெனவே சிக்கியவர்க்கோ, தூய ஊசியும், மெத்தடோன் போன்ற மாற்று மருந்தும் உயிர் காப்பவை. ஆனால் சிகிச்சைக்குச் சென்றால் போலீசார் வருவரோ, ஊரார் ஏசுவரோ என்று அஞ்சுபவன் மருத்துவமனை வாசலை மிதிப்பானா? இங்கும் கைபிடித்து அழைத்துச் செல்லத் தன்னவர் ஒருவர் தேவைப்படுகிறார்.

இத்தகைய ஊழியருக்குச் சில இடங்களில் ஊதியம் சொற்பம், வேலையும் நிலையற்றது. ருமேனியாவில் இப்பொறுப்பு உள்ளூர் மன்றங்களுக்கு மாற்றப்பட்ட பின்னர், சில ஊர்களில் இவ்விடங்கள் நிரப்பப்படாமலே கிடந்தன. தூதர் போய்விட்டால் நம்பிக்கையும் போய்விடும். அதை மீண்டும் வளர்க்கப் பல்லாண்டுகள் பிடிக்கும்.

நேயர்களே, அயலூர் மருத்துவமனையில், நம் வலியை மொழிபெயர்க்கச் சொல் கிடைக்காமல் திகைத்து நின்ற நாள் நம்மில் பலருக்கும் உண்டு. அன்று ஒரு தமிழர் முன்வந்து, "என்ன ஐயா உடம்புக்கு?" என்று வினவியபோது பாதி நோய் தீர்ந்தாற்போல் இருந்ததன்றோ? நாம் வாழும் நகரங்களின் ஓரத்திலும் வேற்று மொழி பேசும் கூலிமக்கள் கூடாரமிட்டு வாழ்கின்றனர். தடுப்பூசி நாளன்று அவர்களில் ஒரு தாயுடன் மருத்துவமனை வரை நடந்து செல்ல நமக்குப் பட்டமோ பதவியோ வேண்டியதில்லை. ஒரு காலைப் பொழுது போதும்.