எந்த வைரஸ் என்று முதலில் கேட்போம்



வைரஸ் கல்லீரல் அழற்சியைப் பற்றித் தமிழிலேயே ஆராயும் இம்மாநாட்டுக்குத் தலைமை ஏற்பதில் மகிழ்கிறேன். ஏ முதல் இ வரை ஐந்து வைரஸ்களைப் பற்றியும் அமர்வுகளில் விரிவாகப் பேசவிருக்கிறீர்கள். கண் மஞ்சளாகி வருபவருக்கு நாம் முதலில் என்ன செய்கிறோம் என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊர்களில் காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். எண்ணெயும் காரமும் கூடாது என்பார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு வந்திருப்பது ஏ அல்லது இ. குடிநீராலும் உணவாலும் பரவும் இவ்விரண்டும் பெரும்பாலும் தாமாகவே அடங்குபவை. பி வைரஸ் உள்ளவரும் அதே பச்சிலையைக் குடித்துவிட்டு, கண் வெளுத்ததும் நோய் போய்விட்டது என்று நம்பி இருந்துவிடுகிறார். என் கவலை அவரைப் பற்றியது.

கீழாநெல்லியை அறிவியல் புறக்கணித்ததாகச் சொல்வது தவறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து ஆராய்ந்து, 1988இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேருக்கு, இரத்தத்தில் இருந்த பி வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே கவனித்த முடிவு அது. ஆனால் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் மறுபடி கிடைக்கவில்லை.

இதை நான் தோல்வியாகக் கருதவில்லை. நம் மூலிகையை ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதிக்கத் துணிவு வேண்டியிருந்தது. திரும்பக் கிடைக்காத முடிவை ஏற்றுக்கொள்ளவும் அதே அளவு நேர்மை வேண்டும். இங்கே வந்திருக்கும் சித்த மருத்துவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: மருந்து கொடுக்கும் முன் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

பரிசோதனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியே சான்று. 1955–56இல் யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்தில் கழிவுநீர் கலந்து, ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. ஏ வகை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோதுதான், அது ஏ அல்ல, பியும் அல்ல என்று தெரிந்தது. இன்று அதை இ என்கிறோம். கருவுற்ற பெண்ணைக் கடைசி மூன்று மாதங்களில் தாக்கினால், நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கக்கூடிய நோய் அது. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாளும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

பியும் சியும் வேறு வழி. இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் வருபவை. பல்லாண்டுகள் காமாலையே காட்டாமல் இருந்து, சிரோசிஸாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுபவை. இந்தியாவில் 2022இல் 2.98 கோடிப் பேருக்கு பியும் 55 லட்சம் பேருக்கு சியும் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சியைப் பொறுத்தவரை, எதிர்ப்பொருள் இருப்பதை மட்டும் கண்டு மருந்து தொடங்கக் கூடாது. குணமானவரிடமும் அது நீடிக்கும். வைரஸின் ஆர்.என்.ஏ. இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இருந்தால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரை போதும். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முற்றிலும் குணமடைகிறார்கள். அதைத் தொடங்கும் முன் பி இருக்கிறதா என்றும் பாருங்கள். சி அடங்கும்போது பி கிளர்ந்தெழுவதுண்டு.

பிக்கு அத்தகைய முழுக் குணம் இன்னும் வாய்க்கவில்லை. டெனோபோவிரும் என்டெகாவிரும் வைரஸை அடக்கி வைக்கும். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பும். இதை நோயாளிக்குப் புரியும்படி சொல்ல நேரம் ஒதுக்குவதும் சிகிச்சையே. பி இருந்தால்தான் டி தொற்றும் என்பதால், பி உள்ளவரிடம் டியையும் தேட வேண்டும்.

தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 முதல் பரிசோதனையையும் மருந்தையும் இலவசமாகத் தருகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் பி தடுப்பூசி, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைப் பெருமளவு தடுக்கிறது. வசதிகள் இருக்கின்றன, நோயாளியை அங்கே கொண்டு சேர்ப்பதில்தான் பின்தங்கியிருக்கிறோம்.

ஆகவே நிறைவு நாளில் இந்த அவை ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன்: காமாலையோடு வரும் எவரையும், எந்த வைரஸ் என்று சோதிக்காமல் நம்மில் ஒருவரும் திருப்பி அனுப்பக் கூடாது, கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் பி பரிசோதனை செய்தாக வேண்டும். எந்த மருத்துவ முறையைச் சார்ந்தவராயினும் இதில் கையெழுத்திடுங்கள்.