புறப்புண்

நடுவர் பெருந்தகை அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! ஷிப்ட் முடித்துவிட்டு டிபன் கேரியரோடு வந்திருக்கிற சாகுபுரத்துப் பெருமக்களே! ஆறுமுகநேரியிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வந்திருக்கிற தாய்மார்களே! 

முன்னாள் படைவீரர்களில் சிலர் சங்கத்தில் சேராமல் ஒதுங்கி நிற்கிறார்களே, அதற்குக் காரணம் பதவி வேற்றுமையா, மனக்காயமா? இதுதான் கேள்வி. எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். "சுபேதாருக்கு நாற்காலி, சிப்பாய்க்கு பெஞ்ச். இருபது வருஷம் சல்யூட் அடிச்ச கை, ரிட்டயர் ஆன பிறகும் அடிக்கணுமா?" என்றார். நல்ல வாதம். ஆனா ஐயா, 2015-இல் 'ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்' கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் பந்தல் போட்டார்களே, அங்கே அதிகாரியும் ஜவானும் ஒன்றாகத்தானே உட்கார்ந்தார்கள்? அன்றைக்கு அந்த நாற்காலியும் பெஞ்சும் எங்கே போச்சு? (கைதட்டல்)

இன்னொருவர் சொன்னார், சொந்தக்காரர் தொல்லை தாங்காமல் ஒதுங்குகிறார்கள் என்று. அது வாஸ்தவம். மிலிட்டரிக்காரரைப் பார்த்தால் நம்ம ஆளுக்கு எல்லை ஞாபகம் வராது, கேண்டீன்தான் ஞாபகம் வரும்! "அண்ணாச்சி, பொங்கலுக்கு ஒண்ணு கிடைக்குமா?" (சிரிப்பு) ஆனால் அதற்கும் ஒரு மனிதன் தன் தோழர்களை விட்டு ஒதுங்குவதற்கும் சம்பந்தமில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். ஹவில்தாராக இருந்தவர். இந்தப் பக்கத்து உப்பளத்தில் காவல் வேலை பார்க்கிறார். பேர் வேண்டாம். டிசம்பர் 7 கொடி நாள் விழாவுக்கு அவரைக் கூட்டிப் போகலாம் என்று போனேன். "வாங்க அண்ணாச்சி, சங்கத்துக்காரங்க எல்லாரும் வாராங்க" என்றேன். சிரித்தார்.

"நான் வரல சார். அங்க போனா மொதக் கேள்வியே 'எந்த யுத்தம்?'ங்கிறதுதான். ஒருத்தர் 71ம்பாரு, மாலை போடுவாங்க. ஒருத்தர் கார்கில்ம்பாரு, கைதட்டுவாங்க. நான் யாழ்ப்பாணம்னு சொன்னா, எல்லாரும் கையில இருக்க டீ கிளாஸைப் பாப்பாங்க."

நடுவர் அவர்களே, அந்த டீ கிளாஸ்தான் என் கட்சி!

1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். சண்டையை நிறுத்தப் போன அமைதிப்படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை போட்டது. நம் சிப்பாய்கள் 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அப்பாவித் தமிழர்களும் மாண்டார்கள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே மாண்டார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் அது வழக்காடுதல், உண்மை அல்ல.

நம் ஹவில்தார் ஒன்று சொன்னார். "ஒரு வீட்டு வாசல்ல ஒரு கிழவி, 'தம்பி, கொஞ்சம் தண்ணி தாங்கோ'ன்னா. கூட இருந்த வடக்கத்திப் பையனுக்கு அது வெறும் சத்தம். எனக்கு அது எங்க அம்மா பேசுத பேச்சு. தண்ணி குடுத்தேன் சார். அவ என் முகத்தைப் பாக்கல, என் சட்டையைத்தான் பாத்தா." (அரங்கில் அமைதி)

1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்பியது. அன்றைய முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படைக்கு வரவேற்பில்லை என்பது அவர் நிலை. அது சரியா தவறா என்பது வேறொரு பட்டிமன்றம். ஆனால் இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? உடுப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, லுங்கி கட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு ரயில் ஏறினார். போருக்குப் போன ஒருவன் சொந்த ஊருக்கு ஒளிந்து வந்தான்!

அந்த நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கல்லூரி மாணவன். பேச்சுப் போட்டியில் அமைதிப்படையைக் கிழிகிழியென்று கிழித்தேன். சுழற்கோப்பை எனக்கு. அனுப்பிய அரசைக் கேட்க வேண்டிய கேள்வியை, அனுப்பப்பட்டவன் தலையில் போட்டேன். அந்தக் கைதட்டல் யார் முதுகில் விழுந்தது என்று நான் அன்றைக்கு நினைக்கவில்லை. நான் படித்த தமிழ், எனக்கு அன்றைக்கு உதவவில்லை.

வெண்ணிப் போரிலே கரிகாலன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதன் மார்பைக் குறித்துத்தான் வந்தது. ஊடுருவி முதுகிலும் புண்ணாக்கிவிட்டது. புறப்புண் பட்டுவிட்டதே என்று நாணி அவன் வடக்கிருந்தான். அவன் ஓடினானா? இல்லை. ஆனாலும் நாணினான். நம் ஹவில்தாரும் ஓடவில்லை. போ என்றார்கள், போனார். வா என்றார்கள், வந்தார். எதிரி தந்த காயம் ஆறிவிட்டது. ஊர் தந்தது ஆறவில்லை. சங்கத்துக்கு வராமல் உப்பளத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, அதுதான் ஐயா இந்தக் காலத்து வடக்கிருத்தல்! (நீண்ட கைதட்டல்)

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1973-இல் வியட்நாமிலிருந்து வந்தவர்கள் பலர் வாய்மூடி இருந்தார்கள். 1982-இல் வாஷிங்டனில் ஒரு கருங்கல் சுவர் எழுப்பி, இறந்தவர்கள் 57,000-க்கு மேற்பட்டோரின் பெயரை வெட்டினார்கள். போர் சரி என்றும் அந்தச் சுவர் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை, பெயரைச் சொல்லிற்று. அதுவரை பேசாதவர்கள் தோழன் பெயரைத் தடவி அழுதார்கள். நம் அமைதிப்படையில் இறந்தவர்கள் பெயரும் 2019-இல் திறந்த டெல்லிப் போர் நினைவகத்தில் இருக்கிறது. இறந்தவனுக்குக் கல் கிடைத்துவிட்டது. உயிரோடு வந்தவனுக்கு?

சங்கத்துப் பெரியவர்களே, நாற்காலியை மாற்றிப் போட்டால் மட்டும் அவர் வரமாட்டார். வாசலில் "எந்த யுத்தம்?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள்.

உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கிற ஊர் இது. உப்பின் அருமை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவர் நாட்டின் உப்பைத் தின்றார், நன்றி மறக்கவில்லை. உப்பிட்ட நாம்தான் அவரை மறந்துவிட்டோம். ஆகவே, அவர்கள் ஒதுங்குவது மனக்காயத்தாலேயே என்று தீர்ப்பளிக்க வேண்டி, என் பழைய சுழற்கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டு அமர்கிறேன்.