கவாத்துக்கு முன்பே கற்றவை

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் 2023 அறிவிப்பின்படி, இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் 70 மதிப்பெண். கயிறு ஏறுதல், தாண்டுதல், ஓட்டம் இவற்றுக்கு 24. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. நேர்முகத் தேர்வு கிடையாது. வருகிறவர் எப்படிப்பட்டவர், எதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர் என்று கேட்க அங்கே இடமில்லை.

ஆனால் கேட்க வேண்டியது அதைத்தான். தூத்துக்குடி மாவட்டத்துக் குளத்தூர், விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மானாவாரிக் காடுதான் முதல் பள்ளிக்கூடம். விதைத்த உளுந்து மழையில்லாமல் கருகினால், கடன் வாங்கியாவது மறுபடி விதைக்க வேண்டும். படிப்பு முடிந்த கையோடு உப்பளத்துக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் கரிமூட்டத்துக்கும் போனவர்கள் எத்தனையோ பேர். அலுப்பு வந்தாலும் எடுத்த வேலையை விடாத அந்தப் பழக்கம், பேரூரணி காவலர் பயிற்சிப் பள்ளியில் விடியற்காலைக் கவாத்துக்கு நிற்கும்போது கைகொடுக்கும்.

ஊர்ப்பாசத்தில் மட்டும் இதைச் சொல்லவில்லை. பேரிக், மவுண்ட் என்ற இரு உளவியலாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 1991-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன்படி, போலீசார் உட்பட ஐந்து வகைத் தொழில்களிலும் பலன் தந்த குணம் பொறுப்புணர்வு. பயிற்சியில் தேறுவதற்கு, கலகலப்பாகப் பழகும் இயல்பும் புதியதை அறியும் ஆவலும் கூடுதலாக உதவின. குணத்துக்கும் வேலைத் திறனுக்கும் உள்ள இந்தத் தொடர்பு மிதமானதுதான். குணத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கவோ தள்ளவோ கூடாது.

ஆனால் பயிற்சியில் தேறுவது வேறு, ஸ்டேஷனில் நல்ல போலீசாக இருப்பது வேறு. 2020 ஜூனில் நம் மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், போலீசார் கைது செய்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் உயிரோடு வீடு திரும்பவில்லை. கொலை வழக்கில் சி.பி.ஐ. குற்றம் சாட்டிய போலீசாரும் பயிற்சி முடித்து வந்தவர்கள்தான்.

பட்ட அனுபவம் எல்லோருக்கும் ஒரே பாடத்தைச் சொல்வதில்லை. ஸ்டேஷன் வாசலில் அப்பா கைகட்டி நின்றதைப் பார்த்த பையன், இனி யாரையும் இப்படி நிற்க வைக்கமாட்டேன் என்று இந்த வேலைக்கு வரலாம். நாமும் நாலு பேரை நிற்க வைக்க வேண்டும் என்றும் வரலாம். கயிறு ஏறுவதில் இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கும்.

ஆகவே காவலர்களுக்கான 7 மாதப் பயிற்சியில், அவரவர் பட்டதைப் பேச விடுங்கள். உளுந்துக் காட்டில் ஆடு மேய்ந்த தகராறு ஒன்றைப் பயிற்சிக் காவலரிடம் கொடுத்து, வகுப்பிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள். ஆட்டுக்காரர் பேச்சையும் காட்டுக்காரர் பேச்சையும் முழுதாகக் கேட்கிறாரா, எடுத்த எடுப்பிலேயே ஒருமையில் அதட்டுகிறாரா என்று பாருங்கள். அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.