புல்லை இழந்த குறிஞ்சி



திருவள்ளூர் மாவட்டத்து ஏரிகளில் சீமைக் கருவேலம் புகுந்திருப்பதைக் காணாதவர் இங்கு இலர். அத்தகைய படையெடுப்பு ஒன்று குறிஞ்சி நிலத்தின் உச்சியிலும் நிகழ்ந்துள்ளது. ஆனால், மரம் பெருகினால் மலை செழிக்கிறது என்றே கவிதைகள் பலவும் மகிழ்கின்றன.

நீலகிரி, பழனி மலைகளின் உயர்பகுதி இயல்பில் முழுக்காடு அன்று. மடிப்புகளில் சோலை, மேடுகளிலும் சரிவுகளிலும் புல். திறந்தவெளியில் முளைக்கும் சோலைமரக் கன்றுகளை உறைபனி கருக்கிவிடும். புல் தாங்கி நிற்கும். அப்புல்லில் வரையாடு மேய்ந்தது. தோடர்களின் எருமை மேய்ந்தது. அவர்தம் கோயிற்கூரையும் அதனாலேயே வேயப்பட்டது. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் அச்சரிவுகளில்தான்.

ஆங்கிலேய ஆட்சி இதனைப் பயனற்ற வெளியாகக் கருதியது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியச் சீகையும் தைலமரமும் வந்தன. விடுதலைக்குப் பின் தோட்டங்கள் பெருகின. சீகைப் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. மரம் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையில் செயற்கை இழையாயிற்று. தொழிற்பேட்டையருகே வாழ்வோர்க்கு இக்கணக்குப் புதிதன்று. பின்னர்ப் பெருநடவு நின்றது, பரவல் நிற்கவில்லை. சீகை விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும். தீப் பட்டால் விழித்தெழும். வெட்டினால் வேரிலிருந்தும் கிளைக்கும். ஐரோப்பாவினின்று வந்த மஞ்சட்பூப் புதர்களும் உடன் சேர்ந்தன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு, பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நாற்பதாண்டுகளில் மறைந்ததெனக் காட்டியது.

இதில் சொல்லுக்கும் பங்குண்டு. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் வகுத்தது; அவ்வழியில் பனையும் மூங்கிலும் புல்லே. அத்துணைப் பெருமையுற்ற சொல்லே சிறுமைக்கும் பெயராயிற்று. வள்ளுவத்தில் ‘புல்லறிவாண்மை’ என ஓர் அதிகாரமே உண்டு. விழாக்களில் மரக்கன்று வழங்குவோர் பலர். புல் நாற்று வழங்கியவரைக் கண்டதுண்டா?

சீகையை அடியோடு வெட்டுக என்பதும் எளிய தீர்வன்று. சில இடங்களில் அதன் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தழைக்கின்றன. முக்கூர்த்தியில் சீகையை அகற்றிப் புல் மீட்கும் பணி நடைபெறுகிறது. தோடர் மொழியில் கூரை வேயும் புல்லுக்குத் தனிப்பெயர் உண்டு. இன்றைய கவிதைகளில் பெரும்பாலும் எல்லாம் ‘பசும்புல்’ ஒன்றே.