கணனிக் கல்வியின் முதற்படி



கணனி வகுப்புகள் சிலவற்றில் முதல் வாரங்கள் கட்டளைகளை மனனஞ் செய்வதிலேயே கழிகின்றன. அமெரிக்காவின் டாட்மத் கல்லூரியிலே கெமனி, கேர்ட்ஸ் என்னும் கணிதப் பேராசிரியர் இருவர் 1964இல் வேறு வழி கண்டனர். அதற்கு முன்னெல்லாம் மாணாக்கன் துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில், சிலவேளை மறுநாள் வரை, விடைக்குக் காத்திருப்பான். ஒரு காற்புள்ளி தவறினாலும் மறுபடியும் அதே காத்திருப்பு! அவர்களோ ஒரே கணனியைப் பலர் ஒருங்கே பயன்படுத்த வகைசெய்து, எளிய ஆங்கிலச் சொற்களாலான பேசிக் மொழியையும் ஆக்கினர். பிழை உடனே தெரிந்தது. உடனே திருத்தவும் முடிந்தது. கலைப்பிரிவு மாணாக்கரும் விலக்கப்படவில்லை. அங்கே பெரும்பாலார் விஞ்ஞானம் பயிலாதவரே.

இன்று விடை நொடியில் வருகிறது. ஆயின், சிந்தியாமலே மாற்றி மாற்றி அழுத்திப் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. ஆதலின், கட்டளைத் தொடரை இயக்குமுன் விடை யாதென மாணாக்கன் தாளில் எழுதட்டும் என்பேன். திரையில் வருவது அதனின் வேறுபடின், ஆசிரியர் அவ்விடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.