நீரில் மறைந்தவர்க்கு நடுகல்

மலைநாட்டு மாணவர்க்குக் கடல் தொலைவிலுள்ள பொருள். உதகையிலும் குன்னூரிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வாழ்வோர், போர்வீரர் என்றதும் வெலிங்டனில் அணிவகுத்துச் செல்லும் தரைப்படையினரையே நினைப்பர். ஆயினும் கடற்படை விமானிகளின் வரலாற்றில் இம்மலையின் அடிவாரத்துக்கும் ஓர் இடம் உண்டு.

குன்னூரை அடுத்த லாம்ஸ் பாறையில் நின்று நோக்கினால் கோயம்புத்தூர்ச் சமவெளி கீழே விரிந்து கிடக்கும். அச்சமவெளியைச் சேர்ந்த சூலூரில்தான் 1961ஆம் ஆண்டு கடற்படையின் ‘ஹன்சா’ விமானத்தளம் தொடங்கப்பெற்றது. பின்னர், 1964இல், அது கோவாவுக்கு மாறியது. ‘விக்ராந்த்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் நம் கடற்படையில் சேர்ந்ததும் அதே 1961இல்தான்.

அக்கப்பலுக்கென வாங்கிய விமானங்களுள் ஒன்று, பிரெஞ்சு நாட்டில் செய்யப்பெற்ற ‘அலிஸே’. மூவர் செல்லும் விமானம் அது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிக் காண்பதே அதன் பணி. ரேடார்க் கருவியால் கடற்பரப்பைத் துழாவும்; மிதவைகளை நீரில் இட்டு ஆழத்தின் ஓசையைக் கேட்கும். பொறுமையாகத் தேடுவதற்கென அமைந்த அவ்விமானம், விரைந்து பாயும் ஜெட் போர் விமானத்தோடு போட்டியிட வல்லதன்று.

1971ஆம் ஆண்டுப் போரில், டிசம்பர் 9ஆம் நாள் இரவு, டையூவுக்கு அப்பால் ‘குக்ரி’ என்னும் நமது போர்க்கப்பல், பாகிஸ்தான் நீர்மூழ்கியின் தாக்குதலால் மூழ்கிற்று. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். மறுநாள், அரபிக்கடலின்மீது காவல் சென்ற அலிஸே ஒன்று திரும்பவில்லை. பகைவரின் போர் விமானம் அதனை வீழ்த்தியது. அதில் இருந்தோர் லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய், லெப்டினன்ட் சிரோஹி, விமானப் பணியாளர் விஜயன் ஆகிய மூவர். லெப்டினன்ட் என்பது இளம் அதிகாரிகள் தாங்கும் பதவி என்பதை இங்கு நினைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தில் மடிந்தவனுக்கு ஈமக்கடன் செய்ய உடலேனும் கிடைக்கும். கடல் அதனையும் தருவதில்லை. வீட்டார்க்கு அழுது முடிக்க ஓர் இடமில்லை. இத்துயருக்கு எல்லைக்கோடும் இல்லை. அதே போரில் விசாகப்பட்டினத்தின் அருகே ‘காஸி’ என்னும் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கியபோது, அதிலிருந்தோர் ஒருவரும் மீளவில்லை. அவர்களுக்கும் தாய்மார் இருந்தனர்.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அவன் உருவமும் பெயரும் செயலும் அதில் பொறித்தனர். நடுகல்லுக்கு உடல் வேண்டுவதில்லை. பெயர் வேண்டும், அதனை அறிந்து சொல்ல ஆள் வேண்டும். டையூவில் குக்ரியின் நினைவுச்சின்னம் கடலை நோக்கி நிற்கிறது. தலைநகரில் 2019இல் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் உயிர் ஈந்த வீரரின் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

கல்லில் எழுதுவது அரசின் கடமை. எழுதியதைப் படிப்பது நமது கடமை. வீரர் என்று பொதுவாகப் புகழ்ந்துவிட்டு மறப்பது எளிது. இன்னார், இன்ன நாளில், இன்ன பணியிலிருந்தபோது மறைந்தார் எனப் பிழையின்றி அறிந்திருப்பதே மெய்யான அஞ்சலி.

வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் முப்படை அதிகாரிகளும் பயில்கின்றனர். வெண்சீருடை அணிந்த ஒருவரைக் காணும் மாணவர், அவரைப்போலவே கடல்மேல் சென்று மீளாத மூவரின் பெயரை ஒருமுறை நினைப்பாராயின், அலைமீது நட முடியாத கல்லை நெஞ்சில் நட்டவராவார்.